மூச்சு விட்ட இடம்

அவனைப் பேச விட்டால் எதிரில் இருப்பவரின் டீ ஆறிவிடும். பாட விட்டால், கடைக்காரர் ஆற்றிக் கொடுப்பதற்குள் பாட்டு முடிந்திருக்கும். இந்த இரண்டுக்கும் நடுவே நமக்கெல்லாம் சாதாரணமாக ஒரு வேகம் இருக்கிறதே, அது அவனுக்கு மட்டும் வாய்க்கவில்லை.

அவன் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. தன் பெயரை ஒரு தடவைகூட அவன் தடங்கல் இல்லாமல் சொல்லி நான் கேட்டதில்லை. நான் மட்டும் நோகாமல் எழுதிவிட்டுப் போவது சரியாகப் படவில்லை.

திக்குவாய் என்று ஊரில் சொல்வார்கள். லேசான திக்கல் இல்லை அது. சொல்லின் முதல் எழுத்திலேயே தாடை பூட்டிக்கொள்ளும். கண்ணை மூடுவான், கழுத்து நரம்பு புடைக்கும், சத்தமே வராது. எதிரில் நிற்பவர் பொறுக்கமாட்டாமல் தானே ஒரு சொல்லை எடுத்துக் கொடுப்பார், பெரும்பாலும் தப்பான சொல்லை. அவனும் மறுத்துப் பேச முடியாமல் தலையாட்டிவிடுவான். என் கடைக்குப் பக்கத்து டீக்கடையில் வருஷக்கணக்காக அவன் காபிதான் குடித்தான். காபி அவனுக்குப் பிடிக்காது. முதல் நாள் கடைக்காரர் “காப்பியா?” என்று கேட்டுவிட்டார், அவ்வளவுதான்.

நாகலாபுரத்துக்கு மேற்கே ஒரு சின்ன ஊர் அவனுக்கு. பஸ்ஸில் ‘நாகலாபுரம்’ என்று சொல்ல வராது. அதற்கு அப்பால் இருக்கிற ‘புதூர்’ சில நாள் வரும். ஆகவே புதூருக்கு டிக்கெட் எடுத்து, வழியில் நாகலாபுரத்தில் இறங்கிக்கொள்வான். “ஏன் தம்பி, புதூருக்கு வாங்கிட்டு இங்கன இறங்குத?” என்று ஒரு கண்டக்டர் கேட்டாராம். இவன் பதிலை ஆரம்பிப்பதற்குள் பஸ் அடுத்த ஊர் போய்விட்டதாம். இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது அவன் அக்கா.

அக்கா என்றே சொல்லி நானும் பழகிவிட்டேன், வயதில் என்னைவிடச் சின்னவர்தான். கட்டிக் கொடுத்த இடத்திலிருந்து திரும்பி வந்து, அப்பா விட்டுப்போன கரிசல் காட்டைத் தம்பியோடு சேர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். தம்பிக்கு முப்பது வயது ஆகியும் அவனுடைய பேச்சு முழுவதும் அக்காவின் வாயில்தான் இருந்தது. உரக்கடை, ரேஷன் கடை, வி.ஏ.ஓ. ஆபீஸ் எங்கே போனாலும் அக்கா பேசுவார், அவன் பின்னால் நிற்பான்.

என் கடைக்கு முதன்முதலில் வந்தபோதும் அப்படித்தான் நின்றார்கள். கோவில்பட்டியில் நான் வைத்திருப்பது விளம்பர ஆட்டோக்களுக்குக் குரல் பதிவு செய்து கொடுக்கிற கடை. வெளிச்சத்தம் வராமல் இருக்க முட்டை அட்டை ஒட்டிய சுவரோடு ஒரு அறை, ஒரு மைக், ஒரு கம்ப்யூட்டர். ஜவுளிக்கடைத் தள்ளுபடி, கோயில் கொடைவிழா, கண் சிகிச்சை முகாம், காலமானவர் அறிவிப்பு எல்லாம் என்னிடமிருந்துதான் தெருவுக்குப் போகும்.

“அண்ணாச்சி, இவன் பாடுவான். ஒருக்கா கேட்டுப் பாருங்க.”

“பாடுதவனுக்கு வாய் இல்லையா? அவனே சொல்லட்டும்.”

நான் பொறுமைக்குப் பேர்போனவன் இல்லை. அன்றைக்கு வாசலில் மூன்று ஆட்டோக்காரர்கள் வேறு காத்துக்கொண்டிருந்தார்கள். அவன் வாயைத் திறந்தான், தாடை பூட்டிக்கொண்டது. கொஞ்ச நேரம் பார்த்தேன். பிறகு போனை எடுத்து நோண்ட ஆரம்பித்துவிட்டேன்.

“அவனப் பேசச் சொல்லாதீங்க அண்ணாச்சி. பாடச் சொல்லுங்க,” என்றார் அக்கா.

பாடினான். யாரோ வெளிநாட்டுக்காரர் பாடிய ராப் பாட்டு. வேகத்துக்கென்றே பேசப்படுகிற பாட்டு அது. நடுவில் ஓர் இடத்தில் சொல்லும் சொல்லும் ஒட்டிக்கொண்டு ஓடும், இங்கிலீஷ் தெரிந்தவர்களுக்கே பாதி பிடிபடாது. எட்டாம் வகுப்போடு நின்ற இவன் அதைக் காதால் கேட்டே மனப்பாடம் செய்திருந்தான். ஓர் எழுத்துத் தட்டவில்லை. வாசலில் நின்ற ஆட்டோக்காரர்கள் உள்ளே வந்துவிட்டார்கள்.

“அர்த்தம் தெரியுமாலே?” என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினான். மேஜையில் கிடந்த பில் புத்தகத்தை இழுத்து, “நின்னா பூட்டிக்கும். இது நிக்காது” என்று எழுதிக் காட்டினான்.

அதன் முழு அர்த்தம் எனக்குப் பிறகுதான் விளங்கியது. ஒரு நாள், வழக்கமாக விளம்பரம் படிக்கிறவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. ஜவுளிக்கடை முதலாளி வந்து உட்கார்ந்திருக்கிறார். இவன் கையில் தாளைக் கொடுத்து மைக் முன்னால் நிறுத்தினேன். வேட்டி, சேலை, சிறுவர் ஆடை, தள்ளுபடி, கடை இருக்கும் இடம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டு நின்றான். முதலாளி என்னைப் பார்த்தார்.

“என்னய்யா, துணி விக்குதமா, இல்ல கடையப் பூட்டிட்டு ஓடுதமா?”

“கொஞ்சம் மெல்லப் படி,” என்றேன். மெல்லப் படிக்கப் பார்த்தான். ‘வாடிக்கையாளர்’ என்ற சொல்லில் மாட்டிக்கொண்டான். முதலாளி தாளைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார். எனக்கு அந்த நேரத்தில் வியாபாரம் போன எரிச்சல்தான் இருந்தது. பிறகு யோசித்தபோது வருத்தமாகிவிட்டது. அவன் வேகத்தைக் கேட்டு நாங்களெல்லாம் திறமை, திறமை என்று கைதட்டினோம். அவனுக்கு அது ஓட்டம். நின்றால் பிடிபட்டுவிடுவோம் என்று ஓடுகிறவனின் ஓட்டம்.

அவனுக்குப் பெண் பார்க்கப் போன கதையும் உண்டு. குளத்தூர்ப் பக்கம் ஒரு நல்ல இடம். பெண்ணின் அப்பா, “மாப்பிள்ள பேரு என்ன?” என்று நேரே அவனைப் பார்த்துக் கேட்டிருக்கிறார். அக்கா பதில் சொல்ல வாயெடுக்க, “நீ இரும்மா, அவரு சொல்லட்டும்” என்றிருக்கிறார். இவன் பூட்டிக்கொண்டு நிற்கிறான். கூட்டத்தில் யாரோ சிரிக்கிறார்கள். அக்காவுக்கு என்ன தோன்றியதோ, “ஏலே, பாட்டாச் சொல்லுலே” என்றிருக்கிறார். உடனே இவன் பெயர், அப்பா பெயர், ஊர், எத்தனை குறுக்கம் காடு, எத்தனை ஆடு, குடிப்பழக்கம் இல்லை, பெண்ணைப் பிடித்திருக்கிறது என்பதுவரைக்கும் ராப்பாகவே சொல்லி முடித்துவிட்டான். ஒரு பொய் கிடையாது. பெண்ணின் அப்பா எழுந்துவிட்டார். “எங்க வீட்டுல வந்து கூத்து காட்டுதீங்களா?” என்று செருப்பைத் தேடியிருக்கிறார்.

“அவன் சொன்ன ஒரு வார்த்தையக்கூட அவிய கேக்கல அண்ணாச்சி. பாட்டுன்னு ஆன உடனே சனங்க காத மட்டும்தான் குடுக்குது,” என்று அக்கா என்னிடம் சொன்னார். அப்போது அவர் சிரிக்கவில்லை.

நானும் காதை மட்டும்தான் கொடுத்தேன். அதற்கென்று எங்களுக்குள் ஒரு வழக்கமே உண்டாகியிருந்தது. காட்டில் காவலுக்கு இருக்கிற நாட்களில் மத்தியானம் எனக்குப் போன் செய்வான். ஹலோ கிடையாது, அந்தச் சொல்லும் அவனுக்கு வராது. நானும் ஒன்றும் கேட்கக் கூடாது. போனை எடுத்தால் கொஞ்ச நேரம் மூச்சு கேட்கும், பிறகு பாட்டு பாய்ந்து வரும். அன்றைக்குப் பார்த்ததுதான் பாட்டு. ஓடையில் டிராக்டர் புதைந்தது, மோட்டார் எரிந்தது, பன்றி புகுந்து மக்காச்சோளத்தை நாசம் செய்தது. எல்லாமே கஷ்டகாலம்தான், எல்லாமே ‘வாங்க, தூக்குங்க, காப்பாத்துங்க’தான். முடிந்ததும் “அருமைலே” என்பேன், வைத்துவிடுவான். விளம்பரக்காரர்கள் சொன்னதைப் பிறகு மாற்றிச் சொல்வார்கள் என்பதற்காக என் போனில் எல்லா அழைப்பும் தானாகப் பதிவாகும்படி வைத்திருந்தேன். அதில் நல்லதாக ஒன்றிரண்டை எடுத்து, பின்னால் தாளத்துக்கு ஒரு பீட் போட்டு, கடையின் யூடியூப் சேனலில் ஏற்றுவேன். நாற்பது, ஐம்பது பேர் பார்ப்பார்கள்.

அது கார்த்திகை மாதம். முந்தின நாள் நல்ல மழை. கரிசலில் அப்படி மழை பெய்தால் மறுநாள் யாரும் காட்டுக்குள் இறங்க மாட்டார்கள். எட்டு வைக்க வைக்கக் காலோடு மண் ஏறும். பைக்கை இறக்கினால் மட்கார்டுக்குள் மண் அப்பிச் சக்கரம் சுற்றாது. உளுந்தில் களை மண்டிவிட்டது என்று அக்காவும் அவனும் மட்டும் போயிருக்கிறார்கள்.

பகல் பன்னிரண்டு மணி இருக்கும், போன் வந்தது. வழக்கம்போல் முதலில் மூச்சுதான். அன்று அது கொஞ்சம் நீளமாக இருந்தது. பிறகு பாய்ந்தான். அப்படியொரு வேகத்தை அவனிடமே நான் கேட்டதில்லை. ‘வண்டி வரணும், வண்டி வரணும்’ என்று திரும்பத் திரும்ப வந்தது மட்டும் காதில் பிடிபட்டது. அவன் ஊருக்கு வருகிற மினி பஸ் ஒரு வாரமாக வரவில்லை என்று முந்தின நாள்தான் பாடியிருந்தான். அதன் தொடர்ச்சி என்று நினைத்தேன்.

“கலக்கிட்டலே. இன்னொரு தடவ சொல்லு,” என்றேன்.

சொன்னான். முதல் தடவையைவிட வேகம். நடுவில் இரண்டு இடத்தில் மூச்சு வாங்கினான். குரல் உடைந்தது. நடிப்பும் கைவந்துவிட்டது இவனுக்கு என்று நினைத்துக்கொண்டேன். பின்னால் ஏதோ சத்தம், காற்றாக இருக்கும்.

“இதான்லே பாட்டு. வையி, இப்பவே பீட் போடுதேன்.”

வைத்தேன். உடனே திரும்பக் கூப்பிட்டான். நான் எடுக்கவில்லை. மேலும் இரண்டு தடவை கூப்பிட்டான். ஹெட்போனை மாட்டிவிட்டால் யார் போனையும் எடுக்காதவன் நான், அது ஒரு பெருமை எனக்கு. இரண்டாவது தடவை சொன்னதை எடுத்தேன். பின்னணி இரைச்சலை நீக்கினேன். பாட்டு இன்னும் வேகமாகத் தெரிய வேண்டுமென்று மூச்சு வாங்கிய இடங்களை வெட்டி ஒட்டினேன். இது தொழிலில் எல்லோரும் செய்வதுதான். மூன்று மணிக்கு ஒரு மினி பஸ் படத்தோடு சேனலில் ஏற்றிவிட்டேன். சாயங்காலத்துக்குள் நானூறு பேர் பார்த்திருந்தார்கள். நான் டீக்கடைக்குப் போய் எல்லோருக்கும் போட்டுக் காட்டினேன்.

ஆறு மணிக்கு அவன் நம்பரிலிருந்து போன். வேறு யாரோ பேசினார்.

“அண்ணாச்சி, இந்த போன்ல கடைசியா உங்க நம்பருக்குத்தான் பேசியிருக்கான். அதான் சொல்லுதேன். அவன் அக்கா தவறிட்டாவ. காட்டுல நல்லபாம்பு தீண்டிருச்சு. ஒத்தையில தோள்ல தூக்கிட்டு அம்புட்டுச் சகதியிலயும் ரோட்டுக்கு வந்திருக்கான். பால் வண்டிக்காரர் ஏத்திருக்காரு. விளாத்திகுளம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரல.”

கடைக் கதவைச் சாத்திவிட்டு, கம்ப்யூட்டரில் இருந்த பாட்டைத் திறந்தேன். பீட்டை எடுத்தேன். வேகத்தைப் பாதியாகக் குறைத்தேன். இன்னும் பாதியாகக் குறைத்தேன்.

‘கள எடுக்கயில கடிச்சிருச்சு வரப்புப் பொந்துல இருந்துச்சு, படம் எடுத்துச்சு பாத்தேன் நான் அக்கா வெரலு வீங்கிருச்சு, கண்ணு சொருகுது நாக்கு கொழறுது காலு ஊனல அண்ணாச்சி, வண்டி வரணும் வண்டி வரணும் மேக்க ஓடப் பாலத்துக்கு வண்டி வரணும் அண்ணாச்சி.’

எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறான். எந்தப் பாம்பு, எங்கே கடித்தது, எந்தப் பாலம். ஒரு டாக்டருக்கும் ஒரு டிரைவருக்கும் வேண்டியது அத்தனையும் அதில் இருந்தது. நான் ஒரே ஒரு போன் செய்திருந்தால் போதும்.

அவனே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். கூப்பிட்டால் கேள்வி கேட்பார்கள், கேட்கத்தான் வேண்டும். எந்த ஊர், யார் பேசுவது, என்ன ஆச்சு. கேள்வி வந்தால் அவனுக்குப் பூட்டிக்கொள்ளும். மெசேஜ் எழுதலாம் என்றால், ஒரு கையில் அக்காவைத் தாங்கியிருக்கிறான். கேள்வி கேட்காமல் அவன் சொல்வதை முழுக்கக் கேட்கிற ஆள் என்று அவனுக்கு இருந்தது நான் ஒருவன்தான்.

அடுத்து நான் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். பயந்துபோனேன். சேனலிலிருந்து பாட்டை எடுத்தேன். கம்ப்யூட்டரில் இருந்ததை அழித்தேன். போனில் பதிவாகியிருந்த அவனுடைய அழைப்பை, மறுபடி கேட்கக்கூடத் தைரியமில்லாமல், அப்படியே அழித்தேன். யாராவது கேட்டால், போன் வந்தது, சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லிவிடலாம் என்பதுதான் என் எண்ணம். எப்பேர்ப்பட்ட ஆள் பாருங்கள்.

மறுநாள் எழவுக்குப் போனேன். அவன் பந்தலுக்குள் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தான். முழங்கால்வரை கரிசல் காய்ந்து அப்பியிருந்தது, கழுவவில்லை. என்னைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். நான் கையைப் பிடித்துவிட்டு வெளியே வந்தேன். பந்தலுக்கு வெளியே நின்ற கல்லூரிப் பையன்களில் ஒருவன் என்னை அடையாளம் கண்டு பக்கத்தில் வந்தான்.

“அண்ணாச்சி, நேத்து போட்ட பாட்டு செம ஸ்பீடு. எதுக்குத் தூக்கிட்டீங்க? எங்க குரூப்ல எல்லார்கிட்டயும் இருக்கு.”

நான் எடுத்தது என் சேனலிலிருந்துதான். அதற்குள் அது கை மாறிக் கை மாறிப் போய்விட்டது. பொங்கல் சமயத்தில் ஊர் ஊருக்கு அதுதான். திணறாமல் முழுப் பாட்டையும் சொல்பவருக்குப் பரிசு என்று விளையாட்டுப் போட்டிகளில் வைத்தார்கள். எட்டயபுரம் ரோட்டில் ஒரு செல்போன் கடைக்காரர் நாள் முழுக்கப் போட்டுக்கொண்டிருந்தார். பாதியில் மாட்டிக்கொள்கிறவனைச் சுற்றி நின்று சிரித்தார்கள். அந்தப் பாட்டு என்ன சொல்கிறது என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் நான் சொல்லியிருப்பேனா என்று தெரியவில்லை.

மாசி மாதம், உளுந்து அடித்து முடிந்தபிறகு, அவன் கடைக்கு வந்தான். முதல் தடவையாகத் தனியாக வந்தான். அடிப்பான் என்று எதிர்பார்த்தேன், அடித்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

பேச ஆரம்பித்தான். பாட்டாக இல்லை, பேச்சாக. அவன் பாடுவதையே விட்டுவிட்டான் என்று பிறகு கேள்விப்பட்டேன். தாடை பூட்டிக்கொண்டது, திறந்தது, மறுபடி பூட்டிக்கொண்டது. நான் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தேன்.

“அன்னைக்கு... போன்ல... பேசுனது... இருக்கா?”

நான் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினேன். இல்லை என்று தெரிந்தும் ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்து மூடினேன். வெகுநேரம் தேடுவதுபோல் பாவனை செய்தேன். அவன் தன் போனை எடுத்தான். அதில் அந்தப் பாட்டு இருந்தது, யாரோ அவனுக்கும் அனுப்பியிருக்கிறார்கள். போட்டான். பாதியில் ஓரிடத்தில் நிறுத்தினான். பின்னால் தள்ளி, மறுபடி போட்டு, அதே இடத்தில் நிறுத்தினான்.

“இங்கன... மூச்சு... வாங்குனேன்.”

“ஆமா.”

“அப்பத்தான்... அக்கா... பேசுச்சு.”

அதற்குமேல் தேடுவதுபோல் நடிக்க என்னால் முடியவில்லை.

“நான் வெட்டிட்டேன்யா,” என்றேன். “நீ மூச்சு வாங்குன இடத்தையெல்லாம் வெட்டிட்டேன். பின்னால கேட்ட சத்தத்தையும் இரைச்சல்னு எடுத்துட்டேன். முழுசா இருந்த போன் பேச்சையும் அழிச்சிட்டேன். பயந்துபோயி அழிச்சிட்டேன்.”

அவன் போனைக் காதோடு வைத்து அந்த இடத்தை இன்னும் ஒரு தடவை கேட்டான். சொல்லும் சொல்லும் ஒட்டிக்கொண்டு ஓடியது. நான் அவ்வளவு சுத்தமாக வேலை செய்திருந்தேன்.

“அக்கா என்ன சொன்னாவ?” என்று கேட்டேன்.

கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தான். வாசலில் ஆட்டோக்காரர் ஒருவர் வந்து ஹாரன் அடித்தார், பார்த்துவிட்டுப் போய்விட்டார். ஒவ்வொரு சொல்லாக, உடைந்து உடைந்து, அவன் அதைச் சொல்லி முடித்தான்.

“மெதுவாச் சொல்லு தம்பி. அண்ணாச்சி கேப்பாவ.”

மூச்சு வாங்கிய இரண்டு இடத்திலும் அக்கா அதையேதான் சொன்னாராம்.